வட்டாரத்தின் குரல்

(இறக்கக்கண்டியில் ஆற்றிய உரை)



இறக்கக்கண்டி குச்சவெளிப் பிரதேச சபைக்கு உட்பட்டது. முன்னாளைய கிராமசபைகளில் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். குறை சொல்ல ஒரு வாசல் இருந்தது. 1981இல் அச்சபைகள் ஒழிந்தன. பிரதேச சபைகளோடு வந்த விகிதாசார முறையில் வட்டாரம் மறைந்தது. 2018 பெப்ரவரி 10ஆம் நாள் நடந்த கலப்புமுறைத் தேர்தலில் அது மீண்டது: வட்டாரத்துக்கு நூற்றுக்கு 60, பட்டியலுக்கு 40.

2023 மார்ச் 9ஆம் நாள் நடக்கவேண்டிய தேர்தலோ, பணமில்லையென்று நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறலென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாளே மக்கள் வாக்களித்தனர். இடையில் ஈராண்டுக்கு மேலாகச் சபையில் நமக்காகப் பேச ஆளில்லை.

வழக்காடி மீட்ட உரிமையை உறங்கவிடலாமா? ஒழுங்கை பழுதானால் வட்டார உறுப்பினரிடமே கேட்போம். சபையின் வரவுசெலவைக் கேட்டு வாசிப்போம். அடுத்த தேர்தல் ஒருநாளேனும் பிந்தினால், ஊராக ஒன்றுகூடி எதிர்ப்போம்.