"நமக்கு வராது"ன்னு யார் சொன்னது?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம செட்டிகுளம் பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசினால் ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். "அண்ணே, நமக்கு இங்கிலீஷ் வராதுண்ணே", "கணக்கு வராதுண்ணே", "மேடை ஏறினா பேச்சே வராதுண்ணே." யாருப்பா சொன்னதுன்னு கேட்டால் பதில் இருக்காது. வாத்தியார் சொல்லலை, அப்பா அம்மா சொல்லலை. நாமே நம்மைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி அது.

அந்த வேலியைத் தாண்டிய ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். பெரம்பலூர், அரியலூர் தாண்டிக் கொள்ளிடத்துப் பக்கம் போனால் ஏலாக்குறிச்சி வரும். அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பியவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைக் குருவாகத் தமிழ்நாட்டுக்கு வந்தபோது வயது முப்பதை எட்டிவிட்டது. "இந்த வயசுல இந்த மொழி எனக்கு எங்கே வரப்போகுது?" என்று சொல்ல அவரைவிட நியாயம் உள்ளவர் யார்?

அவர் அப்படிச் சொல்லவில்லை. தமிழறிந்தவர்களிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 1726-ல் புனித சூசையப்பரைத் தலைவராக வைத்து 3615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடினார். 1732-ல் 'சதுரகராதி' தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். நாம் இன்று எழுதும் ஏ, ஓ எழுத்து வடிவத்திலும் அவர் கை இருக்கிறது.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? விசுவாசத்திலிருந்து வந்தது என்பேன். வேதாகமத்தில் கடவுள் அழைத்தபோது மோசேயும் முதலில் "எனக்குப் பேச வராது" என்றுதான் தயங்கினார். கடவுள் அவரை விட்டுவிடவில்லை. அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்து அனுப்பினார். விசுவாசம் என்றால் ஜெபம் பண்ணிவிட்டுப் புத்தகத்தை மூடி வைப்பதல்ல. அழைத்தவர் கூடவே இருக்கிறார் என்ற தைரியத்தில் தப்புத் தப்பாகவாவது பேச ஆரம்பிப்பது. நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். மலைமேல் தண்டாயுதபாணியைக் கும்பிடும் தம்பிக்கும் இதில் பாடம் உண்டு.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கண்டு நடுங்கினார்கள். கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்தார்கள், சுர்ரென்றது. "ஆறு முழிச்சுக்கிட்டிருக்கு" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு ஒருவழியாகக் கடந்ததும் தலையை எண்ணினார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஒரு ஆள் குறைந்தது. ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுதார்கள்!

கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அப்படி எண்ணுகிறோம்! பேங்க் வேலைக்குப் போகிறவன், டாக்டருக்குப் படிக்கிறவள் என்று ஊரில் எல்லோரையும் எண்ணுகிறோம், நம்மை மட்டும் விட்டுவிடுகிறோம். விதை வெங்காயத்தைப் பட்டறையிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காட்டில் ஊன்றினால்தானே விளையும்?

தம்பி தங்கைகளே, அடுத்த முறை எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஆண்டவர் உங்களை எப்போதோ எண்ணிவிட்டார்.