பழியும் வன்மமும்



ஆங்கிலத்தின் ‘வெஞ்ச்ஃபுல்’, ‘விண்டிக்டிவ்’ ஆகிய இரு சொற்களையும் ‘பழிவாங்கும் எண்ணமுடைய’ என்றே நாம் பெயர்த்துவிடுகிறோம். முன்னது, இழைக்கப்பட்ட கொடுமையொன்றால் மூண்ட சினத்தைச் சுட்டும்; பழி தீர்ந்தால் அது தணியவும் கூடும். பின்னது குணத்தைச் சுட்டும். சிறு குறையையும் மறவாது கறுவியிருந்து, பட்டதினும் மிகுதியாகத் திருப்பித் தருவோரின் இயல்பு அது. ‘வன்மமுடைய’ என்பதே அதற்கு நெருங்கிய சொல். குற்றமற்றவரென நிலைநாட்டுதலைக் குறிக்கும் ‘விண்டிகேட்’ என்பதும் இதே இலத்தீன் வேரினின்று கிளைத்ததே. வியப்பென்ன? தமிழிலும் ஒருவர் வாங்குவதும் மற்றொருவர் துடைப்பதும் ‘பழி’தானே! ‘ஸ்பைட்ஃபுல்’ என்பதற்கோ முன்பகைகூட வேண்டுவதில்லை.

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் ஒரு பவுண்டு தசை கேட்கும் ஷைலாக்கை எச்சொல்லாற் குறிப்பது? தசையை மட்டும் காணும் மாணவர் ‘விண்டிக்டிவ்’ என்பார். அந்தோணியோ அவன்மீது உமிழ்ந்ததையும், நாயென இகழ்ந்ததையும், மகள் அவன் பொருளோடு ஓடிப்போனதையும் நினைவிற் கொள்பவர் ‘வெஞ்ச்ஃபுல்’ என்பார். எழுதுபவர் அறியாமலே அச்சொல் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. நீதிமன்றக் காட்சி வரையில் நான் பின்னவர் பக்கம். மும்மடங்குப் பணத்தையும் மறுத்து அவன் கத்தி தீட்டும் இடத்தில், இன்றும் தடுமாறுகிறேன்.