சம்பளம் இல்லாத நாலாவது கோச்

இன்னைக்கு எபிசோட் பேஸ்பால் பத்தி. உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. பேஸ்பால் விதிகள் ஒண்ணுமே தெரியலைன்னாலும் பரவாயில்லை. இது உண்மையில வேலை, சம்பளம், "அனுபவம் கிடைக்கும்ல" என்கிற வாக்கியம், இந்த மூணையும் பத்தின கதை.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம்னு ஒண்ணு, நாக்ஸ்வில் என்ற ஊர்ல இருக்கு. 2024 ஜூன் மாசம் அவங்க பேஸ்பால் டீம் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சது. பேருதான் வேர்ல்ட் சீரிஸ். ஆடுறது எல்லாமே அமெரிக்கக் கல்லூரிகள். 64 டீம் நாக்-அவுட்டுக்குள்ள வருவாங்க, கடைசி 8 டீம் நெப்ராஸ்கா மாநிலத்துல இருக்கிற ஒமாஹா நகரத்துக்குப் போவாங்க. 1950-லிருந்து ஒமாஹாதான். ஃபைனல் மூணு ஆட்டம். டென்னசி முதல் ஆட்டத்தைத் தோத்து, அடுத்த ரெண்டையும் டெக்சஸ் ஏ அண்ட் எம் டீமுக்கு எதிரா ஜெயிச்சாங்க. கடைசி ஆட்டம் 6-5. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இது முதல் பேஸ்பால் பட்டம்.

இதுக்குப் பின்னாடி இருந்த கோச்களை ஒவ்வொருத்தரா பார்ப்போம்.

ஹெட் கோச் டோனி விட்டெல்லோ. 2017-ல் வந்தார். அதுக்கு முன்னாடி டென்னசி 2005-லிருந்து தேசியத் தொடருக்குள்ளயே போகல. இவர் அப்பா செயின்ட் லூயிஸ்ல ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷம் கோச்சா இருந்தவர். விட்டெல்லோ தான் படிச்ச மிசௌரி பல்கலைக்கழகத்திலேயே அசிஸ்டண்ட்டா ஆரம்பிச்சு, அப்புறம் டி.சி.யு., அப்புறம் ஆர்கன்சா. மூணு இடத்திலும் இன்னொருத்தருக்குக் கீழ வேலை பார்த்துட்டுத்தான் ஹெட் கோச் நாற்காலிக்கு வந்தார்.

அடுத்து பிட்சிங் கோச் ஃப்ராங்க் ஆண்டர்சன். நம்ம பாஷையில் பௌலிங் கோச். டெக்சஸ் பல்கலைக்கழகம் 2002-ல் பட்டம் ஜெயிச்சப்போ அங்க பிட்சிங் கோச். அப்புறம் ஓக்லஹோமா ஸ்டேட்ல ஹெட் கோச்சாகவே இருந்தவர். அவ்வளவு பெரிய மனுஷன் மறுபடியும் அசிஸ்டண்ட்டா வந்து, தன்னைவிட வயசுல சின்னவருக்குக் கீழ வேலை பார்த்தார். 2022 மே மாசம் டென்னசியின் பென் ஜாய்ஸ் மணிக்கு 105.5 மைல் வேகத்தில் ஒரு பந்து போட்டார். கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட 170. அந்தப் பையன் இவர் பட்டறையில்தான் இருந்தார்.

மூணாவது, ஹிட்டிங் கோச் ஜாஷ் எலாண்டர். டி.சி.யு.-வில் ஆடினவர், அந்தக் காலத்தில் விட்டெல்லோ அங்க அசிஸ்டண்ட். அந்தப் பழக்கம்தான் நாக்ஸ்வில் வரைக்கும் கூட்டிட்டு வந்தது. 2024 சீசன்ல டென்னசி அடிச்ச ஹோம் ரன் 184.

அந்தப் பட்டத்துக்கு அப்புறம் விட்டெல்லோவின் சம்பளம் ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் டாலருக்குப் போச்சு. 2025 அக்டோபர்ல சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை மேனேஜரா எடுத்தாங்க. தொழில்முறை பேஸ்பால்ல ஆடாம, அங்க கோச்சாவும் இல்லாம, கல்லூரியிலிருந்து நேரா மேஜர் லீக் மேனேஜர் ஆன முதல் ஆள் இவர்தான். அவர் விட்ட இடத்துக்கு எலாண்டர் ஹெட் கோச் ஆனார்.

நல்ல கதை, இல்லையா? கீழ இருந்து உழைச்சவன் மேல வந்தான். ஆனா இந்த ஏணியில கடைசிப் படி ஒண்ணு இருந்தது. அதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்துற அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதோட மேல்தட்டு டிவிஷன் ஒன். அதில் சுமார் 300 கல்லூரிகள் பேஸ்பால் ஆடுது. அவங்க விதிப்படி ஒரு டீமுக்கு ஒரு ஹெட் கோச், சம்பளம் வாங்குற ரெண்டு அசிஸ்டண்ட், அப்புறம் ஒரு "வாலண்டியர்" கோச். இந்த நாலாவது ஆளுக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் தரக் கூடாது. நல்லா கேளுங்க, தர வேண்டாம்னு இல்ல, தரக் கூடாது. கையில காசு இருந்தாலும், கொடுக்க மனசு இருந்தாலும், கொடுத்தா விதிமீறல். இந்த விதி 2023 ஜூன் 30 வரைக்கும் இருந்தது.

அப்போ அந்த ஆள் என்ன வேலை பார்ப்பார்? வாரக் கடைசியில வந்து கை தட்டிட்டுப் போற வாலண்டியர் இல்ல. டீமில் 35 பசங்க இருப்பாங்க. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் 56 ஆட்டம். ஒவ்வொரு நாளும் பேட்டிங் பயிற்சிக்கு நூற்றுக்கணக்கில் பந்து போடணும். ஃபங்கோன்னு ஒரு மெலிசான நீள மட்டை இருக்கு, அதை வெச்சு ஃபீல்டிங் பண்றவங்களுக்கு மணிக்கணக்கில் பந்து அடிச்சுத் தரணும். பல டீம்கள்ல கேட்சர்கள், இன்ஃபீல்டர்கள் இவர் பொறுப்பு. ஆட்டத்தில் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்தில் நின்னு ஓடுறவனுக்கு வழி சொல்றதும் பல நேரம் இவர்தான். ஊர் ஊரா பஸ் பயணம் வேற. முழு நேர வேலை. ஆனா சம்பளம், மருத்துவக் காப்பீடு எதுவும் கிடையாது.

அப்போ சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க? கோடை விடுமுறையில் பள்ளிப் பசங்களுக்குப் பல்கலைக்கழகம் நடத்துற பேஸ்பால் கேம்ப்ல வேலை பார்க்கலாம். தனியா டியூஷன் மாதிரி பேட்டிங் சொல்லித் தரலாம். மீதி நேரத்துல வேற வேலை தேடிக்கலாம். இதுல இன்னொரு அடியும் உண்டு. வெளியூர் போய்ப் புது ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கிற வேலை இருக்கே, ரெக்ரூட்டிங், அதை வாலண்டியர் செய்ய அனுமதி இல்ல. ஆனா அடுத்த நிலை வேலைக்கு இன்டர்வியூ போனா முதல்ல கேக்குறதே ரெக்ரூட்டிங் அனுபவம்தான். அனுபவத்துக்காகத்தான் சும்மா வேலை பார்க்குறாங்க, அந்த அனுபவத்துலயும் முக்கியமான பகுதி கிடைக்காது.

நம்ம ஊர்லயும் இது பழகின விஷயம்தான். நான் மூணாம் வருஷம் படிக்கும்போது ஒரு ஸ்டார்ட்அப்லேர்ந்து இன்டர்ன்ஷிப் வந்தது. பெங்களூருல ஆறு மாசம், ஸ்டைபெண்ட் கிடையாது, கடைசியில சர்ட்டிஃபிகேட். எங்க கிளாஸ்ல யார் போனாங்க தெரியுமா? பெங்களூருல சித்தப்பா வீடோ அத்தை வீடோ இருந்தவங்க. கோடிங்ல அவங்களைவிடக் கெட்டியா இருந்த ரெண்டு பேர் போகல. பி.ஜி. வாடகை யார் கட்டுறது? வேலைக்கு சம்பளம் இல்லன்னு வெச்சா, திறமை இருக்கிறவன் வர மாட்டான், சமாளிக்க முடிஞ்சவன்தான் வருவான். கோச்சிங்லயும் அதேதான். வீட்ல காசு இருக்கணும், இல்ல மனைவி சம்பாதிக்கணும், இல்ல நண்பன் வீட்டு சோஃபாவுல தூங்கணும். மேல 30 லட்சம் டாலர் இருக்குன்னு காட்டினாலும், முதல் படியில கால் வைக்கவே காசு வேணும்.

சரி, இந்த விதியை ஏன் வெச்சாங்க? அவங்க பக்க நியாயத்தையும் சொல்லணும். பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பேஸ்பால் லாபம் தர்ற விளையாட்டு இல்ல. பணக்காரக் கல்லூரி பத்து கோச் வெச்சா சின்னக் கல்லூரி என்ன பண்ணும்? அதனால எல்லாரும் சேர்ந்து ஒரு வரம்பு போட்டுக்கலாம். கேக்க நியாயமாத்தான் இருக்கு.

ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரு டீமுக்கு எத்தனை கோச்னு வரம்பு வைக்கிறது வேற, ஒருத்தர் சம்பளத்துக்கு வரம்பு வைக்கிறது வேற. ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போட வேண்டிய முதலாளிகள் ஒண்ணா உக்காந்து "இந்த வேலைக்கு இவ்வளவுதான்"னு முடிவு பண்ணா, அது அமெரிக்காவில் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. நம்ம துறையிலேயே உதாரணம் இருக்கு. ஒருத்தர் கம்பெனி ஆளை இன்னொருத்தர் இழுக்கக் கூடாதுன்னு ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி எல்லாம் தங்களுக்குள்ள பேசி வெச்சிருந்தாங்கன்னு இன்ஜினியர்கள் வழக்கு போட்டாங்க. 2015-ல் 41 கோடியே 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு.

என்.சி.ஏ.ஏ.வுக்கு இது தெரியாதான்னா, நல்லாவே தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியிருக்காங்க. 1992-லிருந்து "கட்டுப்படுத்தப்பட்ட வருமானக் கோச்"னு ஒரு பதவி வெச்சிருந்தாங்க. வருஷத்துக்கு 16,000 டாலருக்கு மேல தரக் கூடாது. பேஸ்கட்பால் கோச்கள் வழக்கு போட்டாங்க, மத்த விளையாட்டு கோச்களும் பின்னாடியே போட்டாங்க. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோச்கள் பக்கம் நின்னது. செலவைக் குறைக்கணும்ங்கிறது மட்டுமே இதுக்கு நியாயம் ஆகாதுன்னு சொன்னது. 1999-ல் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து முடிச்சாங்க.

அதாவது 16,000 டாலர்னு வரம்பு வெச்சது தப்புன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா பூஜ்யம் டாலர்னு வெச்ச வரம்பு அதுக்கப்புறமும் 20 வருஷத்துக்கு மேல ஓடுச்சு. "வாலண்டியர்"ங்கிற ஒரு வார்த்தைதான் அதைக் காப்பாத்தினது. தானா முன்வந்து செய்றவருக்கு எதுக்கு சம்பளம்னு கேட்டா, யார் என்ன பதில் சொல்ல முடியும்?

2019-ல் இதை மாத்த ஒரு தீர்மானம் வந்தது. மூணாவது அசிஸ்டண்ட்டுக்கு சம்பளம் தரலாம்னு. தரணும்னு கட்டாயம் கூட இல்ல, தரலாம், அவ்வளவுதான். அது ஓட்டெடுப்பில் தோத்துப் போச்சு. 2022 நவம்பர்ல முன்னாள் வாலண்டியர் பேஸ்பால் கோச்கள் வழக்கு போட்டாங்க. ரெண்டே மாசத்துல, 2023 ஜனவரியில், என்.சி.ஏ.ஏ. அந்தப் பதவியையே எடுத்துடுச்சு. 2023 ஜூலை 1-லிருந்து பேஸ்பால்ல மூணு அசிஸ்டண்ட்டுக்கும் சம்பளம் தரலாம். வழக்கும் பிறகு சமரசத்துல முடிஞ்சு, அந்த கோச்களுக்கு நஷ்டஈடு தர ஒத்துக்கிட்டாங்க.

அப்போ எல்லாம் சரியாயிடுச்சான்னா, அப்படிச் சொல்ல மாட்டேன். "தரலாம்" என்பதும் "தரணும்" என்பதும் ஒண்ணு இல்ல. டென்னசி மாதிரி இடத்துக்கு ஒரு சம்பளம் கூடுறது பெரிய விஷயமே இல்ல. சின்னக் கல்லூரிக்கு அதுக்குப் பணம் தேடணும். பெரிய டீமுக்கும் சின்ன டீமுக்கும் இடைவெளி கூடலாம். அந்தக் கவலை நிஜம்தான். ஆனா அந்த இடைவெளியைக் குறைக்கிற செலவை, அந்தக் கூட்டத்திலேயே குறைவா இருக்கிற ஆள் தலையில கட்டினது எப்படி நியாயம்? ஹெட் கோச் சம்பளத்துக்கு யாரும் வரம்பு போடலையே.

எனக்கு இந்தக் கதையில ஒட்டிக்கிட்டது இதுதான். "இந்த ஃபீல்டே இப்படித்தான்"னு யாராவது சொன்னா, அது மழை, வெயில் மாதிரி தானா வந்த விஷயமா, இல்ல நாலு பேர் உக்காந்து எழுதின விதியான்னு ஒரு தடவை கேளுங்க. பேஸ்பால்ல அது எழுதின விதி. எழுதினதாலதான் அழிக்க முடிஞ்சது. அதைக் கேள்வி கேட்டவங்க பெரிய பேர் எடுத்த கோச்கள் இல்ல, அந்த நாலாவது இடத்துல நின்னு பந்து போட்டவங்க.

அடுத்த ஜூன்ல ஒமாஹா ஆட்டம் எங்கயாவது ஓடினா ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்துல ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் நிப்பார். கேமரா அவர் பக்கம் அதிகம் திரும்பாது. இப்போ அவருக்கும் மாசம் பொறந்தா சம்பளம் வர வாய்ப்பு இருக்கு.

சம்பளம் இல்லாம நீங்க பார்த்த முதல் வேலை எது, அதைப் பார்க்க முடியாமப் போன நண்பர் யாருன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.