பந்தலுக்கு வர முடியாதவர்கள் வாசலுக்கு நாம் போவோம்
(பூத் கமிட்டி நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



கத்திரி வெயில் வரப்போகுது. வழக்கம்போல தெருமுனையில நீர்மோர்ப் பந்தல் போடுவோம், தர்பூசணி கொடுப்போம். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பந்தல் வரைக்கும் நடந்து வர முடியாத பாட்டிக்கு யார் மோர் கொடுப்பது?

வெயில் ரோட்டில் மட்டும் இல்லை தோழர்களே. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பகலில் ஏறிய சூடு ராத்திரியும் லேசில் இறங்காது. வயதானால் தாக உணர்வு குறையும், வியர்ப்பதும் குறையும். "எனக்குத் தாகமே இல்லப்பா" என்று சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். அடிக்கடி எழுந்து பாத்ரூம் போகணுமே என்று பயந்து, தண்ணீரே குடிக்காத அம்மாக்களும் இருக்காங்க.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அது தேவைதான். ஆனால் நம்ம வேலை, அந்த உயிர் போகாமல் பார்ப்பது.

உங்க கையில் வாக்காளர் பட்டியல் இருக்கு. அதில் வயதும் இருக்கு. ஓட்டு கேட்கப் புரட்டிய அதே பட்டியலை இப்போ எடுங்க. தனியா இருக்கிற முதியவர்கள் யார் யார் என்று குறியுங்க. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் என்று பார்க்காதீங்க. காலையில் ஒரு தடவை, மதியம் 3 மணிக்கு ஒரு தடவை கதவைத் தட்டுங்க.

பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வையுங்க. இதயம், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்க. பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீங்க. ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்து விடுங்க.

பேச்சு குழறுதா, ஆளே அடையாளம் தெரியலையா, உடம்பு நெருப்பாகக் கொதிக்குதா? உடனே 108. வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறுங்க. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க.

ஒரு வேண்டுகோள்: அவங்களை நிற்க வைத்து போட்டோ எடுத்துப் போட வேண்டாம். உங்க பூத்தில் எத்தனை கதவு தட்டினீங்க என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்க.

கொடி கட்டிய கை, கதவையும் தட்டட்டும்!