கோழி எச்சமும் உயிரிக்கரியும்: மண்ணின் செல்வம் யார் கையில்?

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கறிக்கோழிப் பண்ணைகளில் பெரும்பாலானவை இன்று ஒப்பந்த முறையில் இயங்குகின்றன. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் விவசாயியுடையவை. வளர்ந்த கோழியை நிறுவனம் கொண்டுசெல்கிறது. விவசாயிக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி மட்டுமே. உமியும் எச்சமும் கலந்த கூளம் கொட்டகையில் எஞ்சுகிறது. ஈயும் நாற்றமும் கிராமத்தின் பங்காகின்றன.

ஆயினும் அக்கூளம் குப்பையன்று. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளும் அதில் உண்டு. எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் சிதைந்து அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. நாம் முகரும் நாற்றம், வயலுக்குச் சேரவேண்டிய தழைச்சத்து வீணாவதன் அடையாளமே.

இதைத் தடுக்க உதவுவது பயோசார் எனப்படும் உயிரிக்கரி. தேங்காய் ஓடு, சீமைக் கருவேல விறகு போன்றவற்றைக் காற்றை மட்டுப்படுத்திச் சூடாக்கினால் அது கிடைக்கும். அதன் நுண்துளைகள் அம்மோனியாவைப் பிடித்து வைக்கின்றன. கூளத்தின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போதுமானது. எனினும் கரியிலுள்ள கரிமம் நுண்ணுயிர்களுக்கு எளிதில் உணவாகாது. எனவே வைக்கோலோ சருகோ சேர்த்து, கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதத்தை 25 முதல் 30-க்கு ஒன்று என அமைக்க வேண்டும். ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு இருக்கட்டும். குவியலின் வெப்பம் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் நீடிக்கவும், எல்லாப் பகுதியும் அவ்வெப்பத்தைப் பெறவும் கிளறிவிட வேண்டும். அப்போதுதான் நோய்க்கிருமிகள் அழியும்.

இது மந்திரமன்று. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தது. நெல் விளைச்சல் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட்டது. மாற்று உரத்தை உருவாக்காமல் இருப்பதைப் பறிப்பது விவசாயிக்கு எதிரான செயல். உர மானியத்தைக் குறைப்பதற்கு 'இயற்கை' என்ற சொல்லைத் திரையாக்குவதையும் நாம் ஏற்க முடியாது.

நிலத்தின் சத்து உணவாக நகரம் சென்று, திரும்பாமல் நதியைக் கெடுப்பதை லண்டனையும் தேம்ஸையும் காட்டி மார்க்ஸ் விளக்கினார். பெங்களூரு தன் குப்பையை மாவள்ளிபுரத்திலும் மண்டூரிலும் கொட்டியபோது அவ்வூர் மக்கள் போராடினர். மண்டூரில் கொட்டுவது 2014 டிசம்பரில் நின்றது. அந்நகரின் குப்பையைச் சுமக்கும் பௌரகார்மிகர்கள் பணி நிரந்தரம் கோரி 2022 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தனர்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மட்குர நிலையங்கள் கூட்டுறவு, ஊராட்சி அமைப்புகளின் கையில் இருக்க வேண்டும். உரத்தில் மருந்து எச்சமும் கன உலோகமும் உள்ளனவா என அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணமின்றிச் சோதிக்க வேண்டும். தூசியிலும் அம்மோனியாவிலும் உழைப்போருக்குப் பாதுகாப்புக் கருவியும் சட்டப்படியான ஊதியமும் வேண்டும். கரியாக மண்ணில் நெடுங்காலம் தங்கும் கரிமத்தைக் 'கார்பன் கிரெடிட்' என்று விற்கும் வருமானம், அதை மண்ணில் இட்ட விவசாயிக்கே சேர வேண்டும்.

கோழியை இழந்த விவசாயி எருவையும் இழக்கலாகாது. இக்கோரிக்கைகளைப் பண்ணைகள்தோறும் கொண்டுசெல்வோம், தோழர்களே!