ஒற்றையடிப் பாதையின் உரிமை

இங்கிலாந்து மக்கள் விடுமுறை நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கேட்டால், சிலர் கடற்கரையைச் சொல்வர். சிலர் பந்தாட்டத்தைச் சொல்வர். ஆயின் அந்நாட்டார் பெரிதும் போற்றும் எளிய இன்பம் வேறொன்று உண்டு. பெற்றோர், பிள்ளைகள், இரண்டொரு நண்பர்கள், பெரும்பாலும் ஒரு நாய், இத்தனை பேரும் சேர்ந்து, கையில் நிலப்படமும் முதுகில் உணவுப் பையுமாக நாட்டுப்புறத்தில் நாள் முழுதும் நடப்பதே அது. விரைந்து போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை, நடையே நோக்கம்.

அத்தகைய கூட்டம் ஒன்று ஜூன் மாதத்து ஞாயிறு காலையில் மான்செஸ்டர் நகரிலிருந்து புறப்படுவதாகக் கொள்வோம். நாமும் உடன் செல்வோம். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் ஈடேல் என்னும் சிற்றூரில் இறங்கலாம். ஊரைக் கடந்ததும் பாதை ஒரு புல்வெளிக்குள் நுழைகிறது. அப்புல்வெளி ஒரு குடியானவருக்குச் சொந்தம். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர் அதைச் சூழ்ந்திருக்கிறது. உள்ளே ஆடுகள் மேய்கின்றன. முன்பின் அறியாத பத்துப் பேர் நம் ஊரில் ஒருவர் தோட்டத்திற்குள் இப்படி நுழைந்தால் என்ன நடக்கும்? அங்கோ, குடியானவர் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கிறார். அவர் பெருந்தன்மை உடையவராக இருக்கலாம். ஆனால் காரணம் அதுவன்று. நிலம் அவருடையது, அதன் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதையோ பொதுமக்களுடையது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் உள்ளன. கோயிலுக்குச் சென்றவர்களும், சந்தைக்குச் சென்றவர்களும், அடுத்த ஊர் ஆலைக்கு வேலைக்குச் சென்றவர்களும் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கிய தடங்கள் பல. நிலம் கைமாறினாலும் வழி மாறாது. உரிய ஆணையின்றி அதை மூட இயலாது. வயலின் குறுக்கே செல்லும் பாதையை விதைப்பதற்காக உழுதுவிட்டால், 14 நாட்களுக்குள் அதை நடக்கத் தகுந்ததாகச் சீர்செய்து கொடுக்க வேண்டும். அகலம் குறைந்தது 1 மீட்டர் இருத்தல் வேண்டும். முரட்டுக் குணத்துக்குப் பேர்போன பால்மாட்டு இனத்துக் காளைகளை, பத்து மாதம் கடந்தபின், பாதை செல்லும் வெளியில் விட்டு வைக்கலாகாது என்பதும் சட்டம்! சுவர் குறுக்கிடும் இடத்தில் ஏறித் தாண்டக் கற்படியோ மரப்படியோ உண்டு. வழி காட்ட மஞ்சள் அம்புக்குறி உண்டு. நடப்பவர்க்கும் கடமைகள் இல்லாமல் இல்லை. திறந்த கதவை மூட வேண்டும். ஆடுகள் உள்ள இடத்தில் நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும்.

நண்பகலில் ஓடைக்கரையில் விரிப்பை விரிக்கிறார்கள். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டித் துண்டுகள், ஆப்பிள், வெந்நீர்க் குடுவையில் தேநீர். நம்மவர் நாவுக்கு இது ஒரு விருந்தாகத் தோன்றாது. ஆயினும் மலைக்காற்றில் நடந்து பசித்தவனுக்கு அத்தேநீரின் சுவையே தனி. வானம் இருண்டு தூறல் விழுந்தாலும் ஒருவரும் எழுவதில்லை. மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார்கள்.

உணவுக்குப் பின் 'ஜேக்கப் ஏணி' என்னும் செங்குத்தான கற்படிகளில் ஏறினால், கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தை அடையலாம். உயரம் 636 மீட்டர். கருஞ்சேறும் பாறையும் புதர்ச்செடியும் நிறைந்த வெட்டவெளி. இன்று சிறுவர்கள் கூச்சலிட்டு ஓடும் இவ்விடத்தில், ஒரு காலத்தில் காலடி வைக்கவும் முடியாதிருந்தது.

மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கிடையே கிடக்கிறது இந்த மேட்டுநிலம். ஆலைப் புகையில் வாழ்ந்த தொழிலாளருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். கண்ணுக்கெட்டிய தொலைவில் மலை. ஆனால் ஆண்டில் சில நாட்கள் 'கிரௌஸ்' என்னும் பறவைகளைச் சுட்டு விளையாடும் பொருட்டுச் செல்வர்கள் அதை அடைத்து வைத்திருந்தனர். காவலர்கள் தடியுடன் சுற்றினர். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து சில நூறு பேர் தடையை மீறி மலையேறினர். அவர்களை நடத்திச் சென்ற பென்னி ராத்மன் இருபது வயது இளைஞர். ரயிலில் வந்தால் காவல்துறையினர் தடுத்துவிடுவர் என்று கருதி, அவர் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். மேலே காவலர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. திரும்பி வந்தவர்களில் அறுவர் கைதாயினர். ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. நடைச் சங்கத்தார் பலரே அந்த மீறலை ஏற்கவில்லை. பொறுமையாகப் பேசிப் பெறலாம் என்றனர். ஆனால் தண்டனையின் கடுமை, அதுவரை வாளாவிருந்த பலரையும் அவ்விளைஞர்களின் பக்கம் திருப்பிவிட்டது.

போர் முடிந்தபின், 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. பொதுவழிகளையெல்லாம் நிலப்படத்தில் குறித்து வைக்கும் பொறுப்பை அச்சட்டம் மாவட்ட மன்றங்களுக்கு அளித்தது. 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அமைந்தது இந்தக் கிண்டர் மேட்டை உள்ளடக்கிய பீக் வட்டாரமே. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது: மலை, மேட்டுப் புதர்நிலம், பொது மேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் உலவலாம் என்றது. 2002-இல் அந்த மலையேற்றத்தின் எழுபதாம் ஆண்டு விழா நடந்தபோது, அந்நிலத்தை முன்னர் உடைமையாகக் கொண்டிருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரர், தம் பாட்டனார் செய்தது பெருந்தவறு என்று மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்.

எனினும் வழக்கு முடிந்துவிடவில்லை. அவ்வாறு தாராளமாக உலவும் உரிமை இங்கிலாந்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில்தான் உண்டு. பெரும்பாலான காடுகளும் ஆற்றங்கரைகளும் அதில் அடங்கவில்லை. ஓடும் ஆற்றில் நீந்தலாமா, படகு விடலாமா என்று அங்கே இன்றும் வாதாடுகிறார்கள்.