கோரையும் கையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் சங்கச் செயலாளர் அவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, பின்கட்டில் நான்கு முளைகள் அடித்து நூல் கட்டியிருப்பதைக் கண்டு, "துணி காயப்போட இவ்வளவு நூலா?" என்று வினவினார்கள். அது துணிக்கொடியன்று, பாய்த்தறி என்று சொன்னோம். உடனே அவர்கள், "அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றியே பேசிவிடுங்கள்" என்று கட்டளையிட்டுச் சென்றார்கள். சொற்பொழிவுக்கு வேண்டிய கல்வி எங்களுக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கள் நாங்கள். ஆயினும் கை அறிந்ததை வாயால் சொல்ல முயல்வதில் தவறில்லை என்று துணிந்து இங்கே நிற்கிறோம். "நாங்கள்" என்று பன்மையில் பேசுவது பெருமைக்காக அன்று. பாய் ஒருவர் கையால் முடிவதில்லை. சிறுவயதில் தமக்கையோடும் உம்மாவோடும், இப்போது இல்லத்தாரோடும் சேர்ந்தே இவ்வேலையைச் செய்துவருவதால், ஒருமையில் சொல்ல நா எழவில்லை.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில், சேரன்மகாதேவிக்கு அண்மையிலுள்ள பத்தமடை. சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் அது. ஆனால் வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னவுடன் எதிரிலிருப்பவர் சொல்லும் முதற்சொல் "பாய்" என்பதே. தாமிரபருணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தானாக வளரும் கோரைப்புல்தான் அதற்கு மூலப்பொருள். புல்லைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துவார்கள். சாதாரணப் பாய்க்கு அவ்வளவு போதும். பட்டுப்பாய்க்கு அது போதாது. உலர்ந்த கோரையைக் கட்டுகளாகக் கட்டி, ஓடும் நீரில் ஒரு வாரம் வரையில் ஊறப்போடுவார்கள். அது மும்மடங்கு பருத்துவிடும். மீண்டும் உலர்த்தி, மீண்டும் கீறி, ஊசியினும் மெல்லியதாக்குவார்கள். முன்னாளில் சப்பங்கி மரத்தைக் கொதிக்கவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். எங்கள் காலத்தில் கடைச்சாயம் வந்துவிட்டது. பாவுக்கு, முரட்டுப் பாயானால் கற்றாழை நார், பட்டுப்பாயானால் பருத்திநூல். தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்பவர், தாம் நெய்து முடித்த பாயின் மேலேயே குந்தியிருந்து, நீண்ட குச்சியில் ஒவ்வொரு புல்லாகக் கோத்துச் செலுத்தி, அச்சினால் அடித்து நெருக்கிக்கொண்டே முன்னேறுவார். நல்ல பட்டுப்பாய் ஒன்று முடிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். ஒரு மாதத்தில் அவர் நகரும் தூரம் ஓர் ஆள் உயரந்தான்!

எங்கள் உம்மா பட்டுப்பாய் நெய்தவர். ஏழு வயதில் எங்கள் கையில் கத்தியைக் கொடுத்துக் கோரை கீறப் பழக்கினார். அன்றிலிருந்தே கைக்கு வேலையில்லாவிட்டால் எங்களுக்கு இருப்புக் கொள்வதில்லை. நுங்குக் கோந்தையில் வண்டி, ஓலையில் காற்றாடி, தீப்பெட்டிகளை ஒட்டி இரயில் என்று தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் செய்து கொடுத்தோம். செங்கோட்டைப் பாதையில் அந்நாளில் ஓடிய மீட்டர் கேஜ் வண்டியைப் பார்த்துப் பார்த்துச் செய்த அந்தத் தீப்பெட்டி இரயில்தான் இரயில்வே உத்தியோகத்துக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்று உம்மா வேடிக்கையாகச் சொல்வார்.

திருமணத்துக்குப் பெயர்ப்பாய் நெய்வது எங்கள் ஊர் வழக்கம். மணமகன் பெயர், மணமகள் பெயர், திருமண நாள் ஆகிய மூன்றையும் சாயக்கோரையால் பாயிலேயே எழுத்தாக நெய்து தருவார்கள். உம்மா எத்தனையோ தம்பதிகளின் பெயர்களை நெய்திருக்கிறார். ஆனால் அவருக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. யாரேனும் கட்டம்போட்ட தாளில் எழுத்தை வரைந்து கொடுத்தால், கட்டங்களை எண்ணி, எந்த நூலின் மேல் சாயப்புல் வரவேண்டும், எதன் கீழ் மறையவேண்டும் என்று மனத்திலேயே கணக்கிட்டு நெய்துவிடுவார். அவருக்கு அது எழுத்தன்று, கணக்கு. தறியில் அமர்ந்தவருக்கு எழுத்துப் படுக்கைவாட்டில் கிடக்கும் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

1993இல் எங்கள் தமக்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. ஊரார் பெயரையெல்லாம் நெய்தவர் தம் மகளின் பெயரை நெய்யும் நாள் அது. தாளில் எழுத்து வரையும் பொறுப்பைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எங்களிடம் ஒப்படைத்தார். வரைந்தோம். ரகரத்துக்கும் கால் எனப்படும் துணையெழுத்துக்கும் உள்ள வேற்றுமை அடியில் உள்ள சிறு சாய்கோடு ஒன்றுதான். அவசரத்தில் அந்தக் கோட்டுக்குரிய கட்டங்களுக்கு மை தீட்டாமல் விட்டுவிட்டோம். உம்மா தாளில் இருந்தபடியே பிழையின்றி நெய்தார். பெயர் பிழையாயிற்று!

நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. திருமணத்துக்கு ஒன்பது நாட்களே இருந்தபோது பாய் பார்க்க வந்த அண்டைவீட்டு அம்மையார், கழுத்தைச் சாய்த்து வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உம்மாவுக்கு அந்தச் சிரிப்பின் பொருள் புரியவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வந்தவர் போனபின், அச்சைத் தளர்த்தி, நெய்த புல்லை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். ஒரு சாண் அளவு உருவ வேண்டியிருந்தது. இரவு முழுவதும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அருகில் நின்றோம். விடியும் தறுவாயில்தான் அவர் பேசினார். "இந்தத் தாளில் எது உன் அக்காள் பேர் என்று விரலை வைத்துக் காட்டு" என்றார். காட்டினோம். அந்த எழுத்துகளின் மேல் தம் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் நெய்ய அமர்ந்தார். திருமணத்துக்கு முதல்நாள் மாலையில் பாய் தறியிலிருந்து இறங்கியது.

2001இல் கடைநிலைப் பணியாளராக இந்தக் கரக்பூருக்கு வந்தோம். பின்னர்த் துறைத்தேர்வு எழுதிக் குமாஸ்தாவானோம். உலகிலேயே நீண்ட நடைமேடையுள்ள நிலையம் என்று அந்நாளில் நம் ஊருக்குப் பெயர். 1,072 மீட்டர் நீளம். 2013இல் கோரக்பூரும், 2023இல் ஹூப்ளியும் அப்பெருமையைக் கொண்டுபோய்விட்டன. நடந்து பார்ப்பவருக்கு நீளம் குறைந்தபாடில்லை. அலுவலகப் பணியைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. அதுவே எங்களுக்குச் சோறிடுகிறது. ஆனால் நாள் முழுவதும் கணிப்பொறியில் பதிவு செய்துவிட்டு மாலையில் எழும்போது, இன்று செய்தது இது என்று தொட்டுக் காட்ட ஒரு பொருளும் மேசைமேல் இருப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எதையாவது செய்துகொண்டே இருந்தோம். நம் சங்க நூலகத்துக் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டினோம். பிள்ளைகளின் நாடகத்துக்குக் கிரீடம் செய்தோம். நாற்காலிக்குப் பிரம்பு பின்னினோம். பாயை மட்டும் மறந்திருந்தோம். 2016இல் உம்மா காலமானார். தறியின் மூங்கில்கள் தமக்கை வீட்டு அவரைப் பந்தலுக்குப் போயின.

மறுஆண்டு மார்கழியில், உடன் பணிபுரியும் வங்காள நண்பர் ஒருவர் தம் ஊருக்கு அழைத்தார். பாலிச்சக் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் சபங் பகுதிக்குச் செல்ல வேண்டும். வயலில் நெல்லைப் போலப் பயிரிட்டிருந்த ஒன்றைக் காட்டி, "மாதுர்காட்டி" என்றார். எங்களுக்குக் கால் நகரவில்லை. அது கோரையேதான்! நம் கோரை ஆற்றங்கரையில் தானே வளர்வது. இங்கே அதை நட்டு, நீர்பாய்ச்சி, அறுவடை செய்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் இருவர் தறியில் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் புல்லைச் செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து அடிக்கிறார். எல்லாவற்றிலும் மெல்லிய பாய்க்கு மஸ்லந்த் என்று பெயராம். எங்கள் பட்டுப்பாயின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். மாதுர்காட்டிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தமடைப் பாய்க்கு அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. குறியீடு கிடைத்தும் இரு ஊரிலும் ஒரே புலம்பல்தான். பிளாஸ்டிக் பாய் மலிவு, கழுவலாம், நெய்பவரின் பிள்ளைகளுக்கு வேறு வேலை வேண்டும் என்கிறார்கள். அதில் பொய்யில்லை. ஒரு மாத உழைப்புக்கு நியாயமான கூலி தர மனமில்லாமல் கைவினை அழிகிறதே என்று மேடையில் வருந்துவோரைக் கண்டால் எங்களுக்குக் கோபம் வருவதுண்டு.

அந்த வீட்டு அம்மையாரிடம் அனுமதி கேட்டு, தறியில் அமர்ந்து பார்த்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடாத வேலை. முதல் நான்கு புல்லும் கோணின. ஐந்தாவது புல் நேராகச் சென்றது. அம்மையார் எங்கள் கையைப் பார்த்துவிட்டு, "உங்கள் தாயார் பாய் நெய்தவரா?" என்று வங்காளத்தில் கேட்டார். "ஆம்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அதன்பின் ஊருக்குச் சென்றபோது, உம்மாவின் அச்சைத் தமக்கை ஒரு பழம்புடவையில் சுற்றிப் பரணில் வைத்திருந்தது தெரியவந்தது. அதை இரண்டு இரவு இரயில் பயணத்தில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தோம். பயணச்சீட்டுப் பரிசோதகர் அதை வாத்தியம் என்று நினைத்து, வாசிக்கும்படி கேட்டார்! மூங்கில் இங்கேயே வாங்கி, பின்கட்டில் தறி அமைத்தோம். புல் சபங்கிலிருந்து வருகிறது. இல்லத்தார் அச்சு அடிக்க, நாங்கள் இருவருமாக வங்காள முறையில் நெய்கிறோம். முதற்பாய் கோணல், அதை வாசலில் போட்டிருக்கிறோம். இரண்டாவது பாய் நம் சங்க அலுவலகத்தில் கிடக்கிறது. அதன் கோணலைக் கண்டவர் தயவுசெய்து பெரிதுபடுத்த வேண்டாம்.

இப்போது தறியில் இருப்பது பெயர்ப்பாய். எங்கள் மகளுக்கு வரும் மாசியில் திருமணம். மகளோ, "பெயர் போட்டால் சுவரில் மாட்டிவிடுவார்கள், வெறும் பாயாக நெய்தால் படுத்துக்கொள்வேன்" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பாய் படுப்பதற்கே. ஆயினும் இந்த ஒன்றில் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இன்னொரு சிக்கலும் எழுந்தது. மருமகனாக வரப்போகிறவர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான். அவருடைய பாட்டனார் காலத்திலேயே இங்கு வந்து குடியேறியவர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், எழுத்துத் தெரியாது. தம் பெயரைத் தமிழில் எழுதினால் வாசிக்க அவருக்கு இயலாது. வங்காள எழுத்தில் நெய்யலாமா என்று ஒருநாள் முழுவதும் யோசித்தோம். வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பிழையின்றி நெய்த ஒருவரின் அச்சு அது என்ற நினைவு வந்தது. தமிழிலேயே நெய்வது என்று தீர்மானித்தோம்.

இதைக் கேள்விப்பட்ட சம்பந்தி வீட்டார், மணமகனின் பன்னிரண்டு வயதுத் தம்பியை ஞாயிற்றுக்கிழமைதோறும் அனுப்பிவைக்கிறார்கள். அவன் எங்கள் எதிரில் அமர்ந்து, கட்டம்போட்ட தாளைப் பார்த்து, "மேலே மூன்று, கீழே இரண்டு" என்று உரக்க எண்ணிச் சொல்கிறான். எண்ணும்போதே எழுத்தின் பெயரையும் கேட்டுக்கொள்கிறான். வீட்டுக்குப் போய்த் தமையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். சென்ற ஞாயிறு அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான். "மாமா, அண்ணன் பேரில் வருகிற இந்தக் காலும் அந்த ரகரமும் ஒன்றுபோல் இருக்கின்றனவே?" என்றான். தாளை வாங்கிப் பார்த்தோம். அடிக்கோட்டுக்குரிய கட்டங்கள் மையின்றி வெறுமையாக இருந்தன. இம்முறையும் வரைந்தவர்கள் நாங்களே!

நல்லவேளையாக அந்த இடம் இன்னும் தறிக்கு வரவில்லை. பையன் கையிலேயே பேனாவைக் கொடுத்து அந்தக் கட்டங்களுக்கு மை தீட்டச் சொன்னோம். மகள் பெயர் முடிந்துவிட்டது. மருமகன் பெயரில் இரண்டு எழுத்துகளும், நாளும் மாதமும் பாக்கி இருக்கின்றன. மாலையில் வெளிச்சம் விரைவில் மங்கிவிடுவதால், ஒரு நாளைக்கு நான்கு விரற்கடைக்கு மேல் நகர்வதில்லை.